நாவலூரில் ஒரு தாழ்ப்பாள்

வீட்டு ஓனர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. நாவலூர் ஓனரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வராது.

தொண்ணூறில் இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், புயல் வந்தால் ஜனங்கள் ஒதுங்கக் கட்டியிருந்த ஒரு கூடத்தை முகாம் என்று எங்களுக்குக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் சேலைதான் சுவர். கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடியுமுன் சவுக்குத் தோப்புக்குப் போய்வர வேண்டும், விட்டால் இருட்டும்வரை அடக்க வேண்டும். அம்மா வருஷக் கணக்கில் அடக்கினாள். சிறுநீரகத்தில் கல் வந்து செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து துடித்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். குடித்துவிட்டு எங்கே போவது என்று நான் கேட்டேன். திமிர் பிடித்த பெண் என்று நர்ஸ் என்னை வெளியே தள்ளிவிட்டாள்.

அதனால், பட்டம் வாங்கி நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும், வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் முதலில் கக்கூஸ் கதவைத்தான் சாத்திப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழ வேண்டும். மற்றது எப்படி இருந்தால் எனக்கென்ன.

கேம்ப் என்று உண்மையைச் சொன்ன இடங்களில், வீடு போன வாரமே போய்விட்டது என்றார்கள். வாசலில் 'வாடகைக்கு' பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஓர் இடத்தில், நாகர்கோயில் பக்கம் என்று சொன்னேன். எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டு மலையாளமா என்று கேட்கிற ஊர் இது, இதையும் நம்பியது. அந்த ஓனர் உள்ளூர்க்காரர். ஏரிக்கரை நிலத்தைக் கம்பெனிகளுக்கு விற்று மூன்று மாடி எழுப்பியவர். சில வருஷங்களுக்கு முன்புவரை சேற்றில் நாற்று முடி சுமந்த ஆள், இப்போது மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்ப்பார்.

முகாமில் செக்கிங் என்று ஒன்று உண்டு. ஆள் எண்ணத் தாலுக்கா ஆபீஸ் ஜீப் வந்து நின்றால் குடும்பம் குடும்பமாக அவரவர் வாசலில், வயதுப்படி வரிசையாக நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு போனால் அரிசி போகும், இந்த நாட்டில் இருக்கிறோம் என்பதற்கு எங்களிடமிருந்த ஒரே ஆதாரமும் போகும். நாவலூருக்கு வந்த பிறகும், செக்கிங் என்றால் அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறிப் போய் நின்றுவிட்டு வந்தோம்.

மற்றபடி அந்த வீட்டில் அம்மா நன்றாக இருந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வலி வருகிறதா என்று கேட்டால், "இல்லையடி, சும்மா விடு" என்பாள்.

ஒருநாள் காலை, கீழே ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. ஓனர் வீட்டின் மேல் கடன் கேட்டிருந்தாராம். வீட்டை மதிப்பு போட ஒருவர், கையில் ஃபைலோடு வந்திருந்தார். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் படியேறி வந்தபோது அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பக்கத்தில் அம்மா. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், கழுத்தில் கம்பெனி டேக்கோடு, ஒன்றும் யோசிக்காமல் போய் மூன்றாவதாக நின்றேன்.

"எல்லாரும் நிக்கிறம் ஐயா" என்றார் அப்பா.

ஓனர் சிரித்தார். "இன்னாம்மா இது? எதுக்கு மூணு பேரும் வெளிய வந்து நின்னுகினு கீறீங்க?"

ஃபைல்காரர் சிரிக்கவில்லை. தாலுக்கா ஆபீசில் இருந்து ரிட்டையரானவராம். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவங்க கேம்ப் ஆளுங்க சார். ஜீப்பப் பாத்ததும் இப்படி நிக்கிறது அவங்கதான். நான் எத்தன தடவ ஆள் எண்ணிருக்கேன்" என்றார். பெரிய கண்டுபிடிப்பு. நாசமாய்ப் போக.

சாயங்காலமே ஓனர் வந்துவிட்டார். "பொய் சொல்லி உள்ள வந்துட்டீங்க. நாளைக்கு போலீசு வந்தா என் தலைதான் உருளும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ வேலைக்குப் போற பொண்ணு, நீ மட்டும் வேணா இருந்துக்க. அவங்கள அனுப்பிடு" என்றார். ஏதோ தர்மம் பண்ணுகிற முகம்.

"அவங்க இல்லாம எனக்கு எதுக்குங்க வூடு?" என்றேன்.

பின்னாலிருந்து அம்மா, "நீ இரு பிள்ளை. எங்களுக்குப் பழகினதுதானே" என்றாள். அந்தப் பேச்சுக்கு எனக்கு ஓனரைவிட அம்மா மேல்தான் ஆத்திரம் வந்தது. எதற்குப் பழக வேண்டும்?

வேறு வீடு தேடினேன். அந்த மனுஷன் புரோக்கர்கள் காதிலெல்லாம் போட்டு வைத்திருந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. முகாமுக்கே திரும்புவதென்று ஆனது.

காலி செய்த அன்று சாமான் எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டது. அப்பா கீழே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாவி வாங்க வந்த ஓனர், கூடவே பெயின்டரையும் கூட்டி வந்திருந்தார். அம்மா கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"இன்னும் இன்னா பண்ணிகினு கீறாங்க?" என்று கேட்டபடி அவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

நான் குறுக்கே போனேன். "தட்டாதீங்க. வெளிய போய் நில்லுங்க."

என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாரோ, போய்ப் படிக்கட்டில் நின்றார். நான் கக்கூஸ் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். நாளை விடிந்ததிலிருந்து அம்மா மறுபடியும் அடக்க வேண்டும். அவளாக வரும்வரை யாரையும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் விடுவதாக இல்லை.