பள்ளிக்கூட வாளி

போன வாரம் நுவரெலியாவில் ஒரு கடையில் பினாயில் போத்தல் விழுந்து உடைந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி நின்று மோந்துகொண்டிருந்தேன். என்ன செய்வது, எனக்கு அது அப்பாவின் வாசனை.

அப்பா நகரசபையில் வாளிக்காரர். அந்தக் காலத்தில் எங்கள் அட்டன் டவுனில் ஏது குழாய்க் கக்கூஸ்? விடியுமுன் பின்சந்து வழியாகப் போய், வீட்டுக்கு வீடு கக்கூஸ் வாளியை எடுத்து வண்டியில் கொட்டிக்கொண்டு வரவேண்டும். கனவான்கள் எழும்போது வாளி பினாயில் போட்டுக் கழுவிச் சுத்தமாக இருக்கும். தானாகவே சுத்தமானது என்று நினைத்தார்களோ என்னவோ! தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காவது ஐந்தாம் வகுப்புவரை ஒரு பள்ளிக் கொட்டகை இருந்தது. டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், அந்த எங்கள் லயத்துக்கு அதுவும் கிடையாது.

அக்காவுக்குப் படிப்பென்றால் உயிர். கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அவளை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். தலைமையாசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, இடமில்லை என்றாராம். வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் பாதி காலி. பெரிய மனுஷர் அல்லவா, பொய்யும் பெரிதாகத்தான் வரும்.

மறுநாளிலிருந்து அப்பா பள்ளிக்கூட வாளியை மட்டும் எடுக்கவில்லை. ஒருத்தர் வரிசையை இன்னொருத்தர் தொடுவதில்லை என்பது வாளிக்காரர்கள் வழக்கம். அதனால் மற்றவர்களும் எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்று அம்மா அழுதாள். வாத்தியார்மார் மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு திருக்குறள் நடத்தினார்கள். கடைசியில் தலைமையாசிரியர் நகரசபை ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா எடுக்கல?" என்று ஓவர்சியர் சீறினார்.

"வண்டியில இடமில்லீங்கய்யா," என்றார் அப்பா.

அடுத்த நாளே அக்காவுக்கு இடம் கிடைத்தது. கடைசி வாங்குக்கும் பின்னால், தரையில். அவளுக்கு அதுவே சந்தோஷம். எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது அங்கே குழாய்க் கக்கூஸ் கட்டிவிட்டார்கள். திறப்பு விழா, பேச்சு, தடபுடல். கக்கூசுக்கு மாலை போட்ட ஊர் எங்கள் ஊர்! அப்பா என்னையும் கூட்டிப் போனார். அதே தலைமையாசிரியர், அதே நாற்காலி. இடமில்லை என்றார். இந்தமுறை எடுக்காமல் விட அங்கே வாளி இல்லை. அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு அ, ஆ சொல்லித் தந்தது அக்காதான்.

இப்போது அந்த லயம் இல்லை, பின்சந்து இல்லை, வாளியும் இல்லை. நல்லதுதான், ஒழியட்டும். ஆனால் அந்த ஊர் எங்களுக்குப் பயந்தது அந்த வாளி ஒன்றுக்காகத்தான்.