புதப்பில் இன்னொரு கை

நீங்கள் இருவரும் மழைக்காலத்தில் போர்த்திக்கொள்கிற புதப்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் இரண்டு விதமான தையல் இருக்கும். ஒன்று அரிசி நீளத்துக்கு நேராக ஓடும். அது உங்கள் அம்மாவின் கை. இன்னொன்று ஜீரகம் போலப் பொடியாக, கொஞ்சம் சாய்ந்து போகும். அது யார் என்று பெரியவள் போன வாரம் கேட்டபோது, தெரிந்தவர்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் ஒற்றை அறையில் நாலு பேரும் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் வளையல் வரைக்கும் போட்டு வைப்பின் தீவில் இந்த வீட்டை வாங்கினோம். தோடு என்கிற வாய்க்காலின் கரையில் ஓட்டு வீடு, ஏழெட்டுத் தென்னை, ஒரு பிலாமரம், சின்னக் குளம், வாத்துகள். விற்றவர் ஆலுவாவில் இருந்து வந்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். வேலையும் உங்கள் பள்ளிக்கூடமும் மட்டாஞ்சேரியிலேயே இருந்தன. காலையில் நாம் எல்லோரும் போட்டில் அக்கரை போனால் திரும்புவது சாயங்காலம்தான். பகல் முழுக்க வீடு பூட்டியே கிடக்கும்.

அம்மா தையல்கடையில் மிஞ்சுகிற துண்டுத்துணிகளைக் கொண்டுவந்து, ஆடி மாதக் கர்க்கடக மழைக்கு உங்களுக்குப் புதப்பு தைக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குள் இருட்டும் ஈரமும். அதனால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தைப்பாள். விட்ட இடத்தில் ஊசியைக் குத்தி மடித்து அங்கேயே வைத்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் புதப்பை விரித்தவள் அப்படியே நின்றாள்.

"இந்த ரெண்டு வரி யாரு தைச்சது?"

"நீதான் தைச்சிட்டு மறந்திருப்பே."

"என் கை எனக்குத் தெரியாதா? நீங்க கோடவுன்ல மிளகும் சுக்கும் பாக்கறவரு. பேசாம இருங்க."

சின்னவளைக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. ஊசி மட்டும் அம்மா குத்திவைத்த அதே மூலையில், அதே மாதிரி நின்றது.

அடுத்த வாரம் மூன்று வரி கூடியிருந்தது. அதற்கடுத்த வாரம் நடுவில் ஒரு துண்டு துணி புதிதாக இருந்தது. நீலக்கரை போட்ட பழைய முண்டு. துவைத்துத் துவைத்து மெலிந்தது. தையல்கடையில் அப்படித் துணி கிடையாது. நான் முகர்ந்து பார்த்தேன். புகையும் தேங்காயெண்ணெயும் கலந்து வாசம் அடித்தது. யாரோ இப்போதுதான் உடம்பிலிருந்து அவிழ்த்து வெட்டினது போல.

கேட் பூட்டு பூட்டியபடி இருந்தது. ஒரு தேங்காய் காணாமல் போகவில்லை. சிமெண்டு வராந்தாவில் மட்டும் ஈரப் பாதம் காய்ந்த அடையாளம், பெஞ்சு வரைக்கும்.

"எனக்குப் பேடியா, பயமா இருக்குங்க," என்றாள் அம்மா. "இனி ஒரு தடவை இப்படி நடந்துச்சு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மட்டாஞ்சேரிக்கே போயிருவேன். ஒத்த ரூம்னாலும் செரி. வீடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

சொன்னால் செய்கிறவள். நீங்கள் படுத்ததும் உங்கள் துணிகளைப் பையில் அடுக்கி வைத்தாள். இந்த வீட்டை விட்டால் இன்னொரு வீடு நமக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் உங்களைப் போட்டில் ஏற்றிவிட்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். முன்கதவு வெளியே பூட்டியபடியே இருக்க, பின்கதவு வழியாக உள்ளே போய் ஜன்னல் ஓரத்தில் நின்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் வரை ஒன்றும் இல்லை.

பிறகு பிலாமரத்துப் பின்னால் இருந்து ஒரு அம்மா நடந்து வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். குடை இல்லை. அவசரமும் இல்லை. புது ஆளைக் கண்டால் கத்துகிற வாத்துகள் அவர் காலடியில் விலகி வழிவிட்டன. வராந்தாவில் ஏறும்போது தலையைக் குனிந்தார். அங்கே குனிய ஒன்றுமே இல்லை. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துச் சுவரில் மாட்டினார். சுவரில் ஆணி இல்லை. துவர்த்து கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, புதப்பை மடியில் விரித்து, தைக்கத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"சாயா ஆயோ?"

என் வாய் தானாகச் சொன்னது: "இப்போ ஆகும்."

அடுப்பை மூட்டிச் சாயா போட்டேன். வேறென்ன செய்வது? பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"பஞ்சார குறவா," என்றார். சர்க்கரை போதவில்லையாம். திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

குடித்ததும் எழுந்து நடந்தார். பின்னாலேயே போனேன். நம் பிலாமரத்துக்குப் பின்னால் வேலி சாய்ந்த இடத்தில், தோட்டின் குறுக்கே ஒரு தென்னந்தடி போட்டிருந்தது. அதில் கோடு போட்டதுபோல் நடந்து அக்கரைக் குடிசைக்குள் போனார். செம்மீன் என்கிற இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்க்கும் அவருடைய மகள் சாப்பிட வந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மை அங்க வந்தோ, சேட்டா?" என்றாள். அந்த வீடு முப்பது வருஷம் அவர்கள் வாழ்ந்த வீடு. ஆலுவாவில் இருக்கிற அவள் அண்ணன் விற்றுவிட்டான். அவள் அம்மாவுக்கு, விற்றது மனசில் நிற்கவில்லை. "ஒவ்வொரு நாளும் வந்து சொல்லும். நம்ம வீட்டுல விருந்துக்காரங்க வந்திருக்காங்க, போகவே மாட்டேங்கறாங்கன்னு. நான் இது என்னடா கிறுக்குன்னு நினைச்சேன். உங்களத்தான் சொல்லியிருக்கு."

சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன்.

"பேய்னா ஒரு பூஜை போட்டா போயிரும்," என்றாள். "உயிரோட இருக்கற மனுஷி எங்க போவா? ஒருநாள் வந்து என் வீடு, எறங்கிப் போன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?" பை கதவோரத்திலேயே இருந்தது.

தையல்கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் அவள் வீட்டில் இருந்தாள். இது எங்கள் வீடு, இனி வராதீர்கள் என்று நல்லபடியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு. நானும் உள்ளே இருந்தேன். மழை விடவே இல்லை. அதே நேரத்துக்கு அவர் வந்தார், குனிந்தார், துவர்த்தைக் கீழே விட்டார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கதவோரம் இருந்த பையைப் பார்த்தார்.

"இன்னு போகயாணோ?" இன்றைக்குக் கிளம்புகிறீர்களா என்று, விருந்தாளியை விசாரிக்கிற குரல்.

அம்மா வாயைத் திறந்தாள். எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது வேறு.

"மழை தோரட்டே, அம்மே."

மழை விடட்டும் என்று. அந்த அம்மா தோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அது மதி," என்றார், அது போதும் என்று. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்து இன்னொரு ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஓரத்தில் இருந்து தைத்தார்கள். அன்று ராத்திரி உங்கள் துணிகளை அவளே திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

அவர் இன்றும் வருகிறார். இப்போது அம்மா வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து தைக்கிறாள் அல்லவா, அதற்கு அதுவும் ஒரு காரணம். ஞாயிறு என்றால் மகள் அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்வாள், மற்ற லீவு விட்டால் நீங்கள் சித்தி வீட்டுக்கு ஓடிவிடுவீர்கள் என்பதால் நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. இந்த மேடத்தில், சித்திரை லீவுக்கு, வீட்டில் இருக்கப் போகிறீர்கள்.

மேட வெயிலிலும் அவர் கேட்பார். எப்போது போகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தே கேட்பார். நம் வீடு என்று சொல்லாதீர்கள். அம்மா சொல்வதையே சொல்லுங்கள். அவர் அண்ணாந்து பார்த்து, ஒரு துளி மேகம் இல்லாத வானத்துக்குக் கீழே கையை நீட்டி, உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார். சிரிக்காதீர்கள். பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார். போய் உட்காருங்கள்.