ஒத்திகைக்குப் போன போடில்

போடில் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை. இரண்டும் முடியாது என்றில்லை, தேவையில்லை என்பது அவள் எண்ணம். லெம்விக்கிலிருந்து கடற்கரை வழியாகப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறாள். முந்தவும் மாட்டாள், பிந்தவும் மாட்டாள். வழியிலுள்ள பால் பண்ணைக்காரர்கள் அவள் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை மட்டும் தூக்குவாள். டென்மார்க்கில் எங்கள் மேற்கு யூட்லாந்துப் பக்கம் வணக்கம், சௌக்கியமா, போய் வாருங்கள் எல்லாம் அந்த ஒரு விரலுக்குள் அடக்கம். முழுக் கையையும் ஆட்டினால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

நான் மேட்டா. ஊரில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம், அதனால் கூட ஓடுவதற்குப் பேசாத ஆள்தான் சரிப்படும். அப்படித்தான் போடிலோடு சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் ஊர் ஓட்டக் கிளப்பிலிருந்து கிளம்புவோம். நான் பேசுவேன், அவள் ஓடுவாள்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு முறை எதிர்காற்று கெடுத்தது. ஒரு முறை வயிறு கெடுத்தது. இன்னொரு முறை கண்ணெதிரே ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடியதில் மயிரிழையில் போயிற்று. போடில் அறுபதைத் தொடப்போகிறாள். சென்ற குளிர்காலத்தில் டாக்டர் அவள் முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் இன்னும் ஒரு மாரத்தான் இருக்கிறது, அதுவும் இந்த வருடத்துக்குள், இரண்டு இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றை அக்டோபர் கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓடுவதென்று முடிவு செய்தாள்.

பெரிய ஓட்டத்துக்குச் சில வாரம் முன்னால் ஓர் அரை மாரத்தான் ஓடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அது ஒத்திகை. மாரத்தானில் என்ன வேகத்தில் ஓடப் போகிறோமோ அதே வேகம், அதற்கு மேல் இம்மியளவும் கூடாது. ஒத்திகையில் உயிரைக் கொடுத்து ஓடுகிறவன், கல்யாணத்துக்கு முந்தின நாளே விருந்துச் சாப்பாட்டைத் தின்று தீர்க்கிறவன் என்பார் கிளப் தலைவர் லாவ்ரிட்ஸ். எங்கள் ஒத்திகை எப்போதும் ஊரை ஒட்டி உள்ளே நுழையும் கடல் கழியான ஃபியோர்டு ஓரமாக நடக்கும் உள்ளூர் ஓட்டம்தான். ஓடுகிறவர்கள் ஐம்பது அறுபது பேர். வேடிக்கை பார்க்கச் சில மாடுகளும் பண்ணை வளைவில் ஒரு வெள்ளை வேனும் நிற்கும். ஓடும்போதும் போடில் அந்த வேனுக்கு ஒற்றை விரலைத் தூக்காமல் தாண்டமாட்டாள். முடிவில் கேக் உண்டு.

இந்த வருடம் கிளப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றதே எங்களுக்கு அதிர்ச்சி.

"ஃபியோர்டு ஓட்டத்துக்கு நான் வரல, லாவ்ரிட்ஸ். கோபன்ஹேகன் அரை மாரத்தானுக்குப் போறேன்."

லாவ்ரிட்ஸுக்குக் காபி புரையேறியது. "கோபன்ஹேகனா? அங்க நமக்கு யாரைம்மா தெரியும்?"

"யாரையும் தெரியாது. அதான் போறேன்."

"ஆயிரக்கணக்குல ஓடுவாங்க. கக்கூஸுக்கே வரிசையில நிக்கணும்."

"ஃபிராங்க்ஃபர்ட்லயும்தான் நிக்கணும். நான் கூட்டத்துல ஓடினதே இல்ல. முதல் தடவையா அங்க போய்த் தடுமாறினா எனக்கு இன்னொரு தடவ கிடையாது. கூட்டம் என்னை என்ன பண்ணுதுன்னு முன்னாடியே பார்த்துக்கணும். அதுக்குத்தானே ஒத்திகை?"

லாவ்ரிட்ஸ் சட்டையில் சிந்திய காபியைத் துடைத்துவிட்டு, "யோசனை அவ்வளவு மோசமில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒருவரைப் பாராட்ட வார்த்தை கிடையாது. இதைக் கேட்டுவிட்டு ஆனந்தமாகச் செத்துப்போனவர்கள்கூட இருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "மேட்டா, நீயும் வா. என் பக்கத்துலயே ஓடு. நான் வேகம் கூட்டினா சட்டையப் பிடிச்சு இழு."

"நீயாவது வேகம் கூட்டுறதாவது. உன் பஸ்ஸுக்கு மூணாவது கியர் இருக்கான்னே எனக்குச் சந்தேகம்."

"சொன்னதச் செய்டி."

சரி என்றேன். அவள் புருஷன் ஏய்னர் வருவானா என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஃபியோர்டில் சிப்பி அள்ளுகிறவன். கல்லாவது கத்தினால் எதிரொலிக்கும், இவன் அதுவும் செய்யமாட்டான். அவள் எத்தனையோ மாரத்தான் ஓடிவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள். "ஓடிட்டியா?" என்பான், உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பான், அவ்வளவுதான். ஒரு பந்தயத்தில்கூட அவன் தலையை நான் பார்த்ததில்லை. இது எனக்கு வெகுநாள் கோபம்.

கோபன்ஹேகனில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் தாளில் பேரையும் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஓட்டத்தில் நம்பரே கையால் எழுதியதுதான். போடில் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு இது?" என்றாள்.

"காணாமப் போனா வீட்டுல கொண்டுவந்து விட" என்றேன்.

கிளம்பினோம். முதல் பாதி பஸ் போலவே போயிற்று. மேடு வந்தாலும் சமதரை வந்தாலும் ஒரே வேகம். நான் பேசினேன், அவள் ஓடினாள். பிறகு நோர்ரெப்ரோ தெருவுக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் ஜனம். ஒரு தடியன் முதல் மாடி பால்கனியில் நின்று பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குனிந்து கத்தினான்.

"போடில்! விடாத போடில்!"

போடில் அண்ணாந்து பார்த்தாள். "அவன எனக்குத் தெரியுமா?"

"உன் நெஞ்சுல எழுதியிருக்குடி."

"அது தெரியும்" என்றாள். ஆனால் அவள் காது சிவந்துவிட்டது. பால்கனியைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கினாள்.

அடுத்த பத்தடியில் இன்னொருத்தி "போடில்!" என்றாள். விரல் மேலே போனது. அப்புறம் ஒரு குடும்பம் மொத்தமும். விரல். தாடிக்காரர்கள், தலையில் துணி கட்டிய பெண்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், எல்லோர் வாயிலும் அவள் பேர். என் பேரையும்தான் கத்தினார்கள். கத்தியவர்களுக்கு என் கடையில் ஓர் எலும்பைக்கூடக் கடன் கொடுக்கமாட்டேன். எனக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. அவளுக்கு நுழைந்தது வெளியே போகவில்லை. விரல் போதாமல் கை முழுவதையும் தூக்கினாள். எனக்குப் பகீர் என்றது. பிறகு அவள் கால்கள் மாறின.

"போடில், வேகம் கூடுது."

சொன்னபடி சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். லேசாக அல்ல, பட்டென்று அடித்தாள்.

"விடுடி."

"ஃபிராங்க்ஃபர்ட் இருக்குடி. முழங்கால நினைச்சுப் பாரு."

"விடுடின்னா."

போய்விட்டாள். தலைகளுக்கு நடுவே அவளுடைய நீலச் சட்டை சிறுத்துக்கொண்டே போனது. ஒரு நிமிடம் முந்தாத போடில், மஞ்சள் விளக்குக்கே பஸ்ஸை நிறுத்துகிற போடில், பேய் பிடித்தவள் மாதிரி முன்னால் ஓடுகிறவர்களை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனாள். மீதி தூரம் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே ஓடினேன். திட்டுக்குப் பின்னால் பயம் இருந்தது.

நான் முடித்தபோது அவள் நடைபாதை ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது காலிலிருந்து ஷூவைக் கழற்றியிருந்தார்கள். முதலுதவிப் பெண் ஒருத்தி கெண்டைக்காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசித் திருப்பத்துக்கு முன்னால் தசை கிழிந்திருக்கிறது. கிழிந்த காலோடு மீதியையும் ஓடியிருக்கிறாள். நொண்ட நொண்ட ஜனங்கள் இன்னும் கத்தினார்களாம். அவள் முப்பது வயதில் ஓடியதைவிட வேகமாக முடித்திருந்தாள்.

"திரும்ப எப்ப ஓடலாம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் நினைக்காதீங்க" என்றாள்.

போடில் அதைக் கேட்டாள். அவள் முகத்தில் அப்போதும் வெளிச்சம் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஏன்டி? இத்தன வருஷம் காத்திருந்தியே, ஏன்?"

நெஞ்சிலிருந்த நம்பர் தாளைத் தடவினாள். "நம்பரப் பார்த்துப் படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும், மேட்டா. காலுக்குத் தெரியலையே."

காரை நான் ஓட்டினேன். வழியில் கடலைத் தாண்டும் பெரிய பாலத்தின் மேல் வரும்போது அந்த வெளிச்சம் அணைந்தது. நாலு மணி நேரம் என்ற அந்தக் கனவு இனி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தமில்லாமல் அழுதாள். பால் லாரி ஒன்று எதிரே வந்தபோது அழுதுகொண்டே விரலைத் தூக்கினாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் ஏய்னர் மேல் திரும்பியது.

வீட்டுக்குள் அவளைத் தாங்கிக் கூட்டிப்போய்ச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஏய்னர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஓடிட்டியா?" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஓடிட்டா. ஃபிராங்க்ஃபர்ட் போச்சு. எல்லாம் போச்சு. யாரோ முன்னப்பின்னத் தெரியாதவன் பாத்திர மூடியத் தட்டி இவ பேரச் சொன்னான், அதுக்கே இவ காலக் கிழிச்சுக்கிட்டா. ஏய்னர், இத்தன வருஷத்துல நீ ஒரே ஒரு தடவ வந்து நின்னிருந்தா இவளுக்கு அது புதுசா இருந்திருக்காது."

"மேட்டா, விடு" என்றாள் போடில்.

"விடமாட்டேன். ஒரு தடவ வந்திருக்கானா கேளு."

ஏய்னர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "வந்திருக்கேனே."

"எங்க வந்த?"

"ஃபியோர்டு ஓட்டத்துக்கு. வருஷா வருஷம்."

"நானும்தான் வருஷா வருஷம் ஓடுறேன். உன்னப் பார்த்ததில்லையே."

"துறைமுகத்து வேன எடுத்துக்கிட்டு வருவேன். பண்ணை வளைவுல நிறுத்துவேன். இறங்கி நின்னா இவளுக்குக் கூச்சமா இருக்கும்னு உள்ளயே உட்கார்ந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் தாண்டினதும் போயிடுவேன்."

போடில் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அந்த வெள்ளை வேனா?"

"ஆமா."

"அது மாட்டு டாக்டரோடதுன்னு நினைச்சேன்."

"நீ விரலத் தூக்குவ" என்றான் ஏய்னர். "நானும் தூக்குவேன். கண்ணாடில வெயில் அடிக்கும், உனக்குத் தெரிஞ்சிருக்காது."

இந்தப் பக்கத்து மனிதர்களை எனக்குக் கரைத்துக் குடித்த மாதிரி தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஏய்னர் எழுந்து போய் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்தான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரத்துக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"கோபன்ஹேகன்ல வேன எங்க நிறுத்துறதுன்னு தெரியல, போடில்."

அவன் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டது அன்றுதான். அவள் திரும்பி அந்த முதுகைப் பார்த்தாள். அழுகை மறுபடி வந்துவிட்டது. மேசைமேல் கிடந்த கையிலிருந்து ஒற்றை விரலை மெல்லத் தூக்கினாள். குழாய்க்கு மேலே ஜன்னல் கண்ணாடியில் அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், பாத்திரத்தைப் பிடித்திருந்த கையில் ஒரு விரல் மேலே எழுந்தது.