தப்புக் கதவு

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், பழைய போர்வையில் சுற்றிய ஒரு சின்ன மரக் கதவு கிடக்கிறது. அதன் உயரம் முப்பத்தொன்பது சென்டிமீட்டர். இருக்க வேண்டியது நாற்பது. அந்தக் குறைந்த ஒரு சென்டிமீட்டர்தான் ஏழு வருடமாக எங்கள் டேப் டீச்சரின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

டேப் டீச்சர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அடுத்த அறையில் தமிழ் எடுப்பவள் நான். கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவளுடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு டேப் இருக்கும். ஒன்று கொத்தனார் வைத்திருப்பது போன்ற இரும்பு டேப். இன்னொன்று தையல் வேலை செய்த அவள் அம்மாவின் துணி டேப். முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது, உள்ளே நுழைவதற்கு முன் வாசலிலேயே நின்று, "இந்தக் கதவு அகலம் தொண்ணூறு இருக்காதே, எண்பத்தஞ்சுதான்" என்றாள். பீரோ வாங்கிய அன்று அது கதவில் நுழையாமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் காபி கொடுத்தேன்.

அவள் வேலைக்கு வந்த புதிதில் மூன்றாம் வகுப்பு அறையில் பிள்ளைகளைப் பார்க்கவே முடியாது. சுற்றளவு என்றால் கயிற்றை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார்கள். வகுத்தல் என்றால் செங்கல்லை அடுக்கிப் பிரிப்பார்கள். ஒரு முறை ஒரு பயல் வகுப்புக்கு வந்து என் மேசையைச் சாணால் அளந்துவிட்டு, "டீச்சர், உங்க மேசை கோணல்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் நிஜமாகவே கோணல்.

அந்த வருடம் ஒரு பெற்றோர் இரண்டு முயல்களைக் கொடுத்தார். பிள்ளைகளே அவற்றுக்கு வீடு கட்டினார்கள். அளந்து கோடு போடுவது பிள்ளைகள், அறுப்பது மட்டும் தச்சர். எல்லாம் முடிந்து கதவைப் பொருத்தினால் கீழே ஒரு விரல் இடைவெளி. "மரம் சுருங்கிடுச்சு" என்றான் ஒருவன். "ரம்பம் தின்னுடுச்சு" என்றாள் ஒருத்தி. தச்சர் தன் மேல் பழி வந்துவிடுமோ என்று ரம்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். டேப் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் சண்டை. கடைசியில் ஒரு வாண்டு இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. துணி டேப்பின் முனை கிழிந்து, அது ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. வாசலை இரும்பு டேப்பால் அளந்திருக்கிறார்கள், கதவுப் பலகையைத் துணி டேப்பால் அளந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சல் என் வகுப்பையே கலைத்துவிட்டது. டேப் டீச்சர் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஆசிரியையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் தாளாளர் ஒரு விருந்தினரோடு அந்தப் பக்கம் வந்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. விருந்தினர் அசந்துபோய் ஏதோ பத்திரிகையில் எழுதினார். மறு வருடம் வேறு விருந்தினர்கள் வந்தார்கள். தாளாளர் டேப் டீச்சரைக் கூப்பிட்டு, "அந்தத் தப்பை இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க" என்றார்.

"தப்பைச் சொல்லிப் பண்ண வைக்க முடியாது சார்."

"அதெல்லாம் ரிகர்சல் பாத்தா வந்துடும்."

வந்துவிட்டது. முயல்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. முயல் வீட்டை மட்டும் வருடா வருடம் பிரிக்கிறார்கள், வருடா வருடம் கட்டுகிறார்கள். ஆணி அடித்த ஓட்டைகள் அப்படியே இருப்பதால் யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை. மூன்று வாரம் ஒத்திகை நடக்கும். வசனம் எழுதியவள் நான்தான். "ஐயோ, டேப்போட தலை கிழிஞ்சிருக்கே!" என்பது என் கைவண்ணம். எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் வேறு பள்ளிக்குப் போகப் பார்த்தாள். நேர்காணலில் முதல் கேள்வியே, "அந்தக் கதவு ப்ராஜெக்ட் இங்கயும் பண்ணுவீங்கல்ல?" என்பதுதான். திரும்பி வந்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னால், "வருஷத்துல ஒரு நாள் கூத்து. ஆடிட்டு வந்துடு" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு நாள் மெல்ல மெல்ல மூன்று வாரத்தை விழுங்கியது. பிறகு, பிள்ளைகள் உடுப்பு அழுக்காகிவிடும் என்று மற்ற நாட்களில் மைதானமும் போயிற்று. ஜன்னல் வழியாக அவள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு கரும்பலகையில் செவ்வகம் வரைவதைப் பார்க்கும்போது எனக்கு யார் மீதாவது எரிந்து விழ வேண்டும்போல் இருக்கும்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை கழுவும் குழாய் எட்டுவதில்லை. மதிய மணி அடித்ததும் அவள் ஓடிப்போய் ஒவ்வொன்றையும் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கழுவ வைப்பாள். அங்கே ஒரு படி கட்ட வேண்டும், மூன்றாம் வகுப்பே அளந்து கட்ட வேண்டும் என்று மனு எழுதினாள். எத்தனை உயரம், எத்தனை செங்கல், எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கும் முன்கூட்டி விடை தெரியாத கணக்கு.

தாளாளர் மனுவைப் படித்தார். "விருந்தாளிங்க வர்ற நாள் நல்லபடியா முடியட்டும். மறுநாளே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அவள் என்னிடம் வந்து, "இந்த ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடிடறேன்டி. அப்புறம் நிஜமா கட்டலாம்" என்றாள். பல வருடம் கழித்து அவள் முகத்தில் பழைய வெளிச்சம் தெரிந்தது.

அந்த நாளும் வந்தது. மைதானத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதவு போர்வையிலிருந்து வெளியே வந்தது, வாசலில் பொருந்தாமல் நின்றது. மரம் சுருங்கியது, ரம்பம் தின்றது, எல்லாம் வரிசையாக நடந்தது. டேப்பின் தலையும் கிழிந்திருந்தது. கை தட்டினார்கள். தாளாளர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது விருந்தினர் ஒருவர், நல்ல மனிதர், அந்த டேப்பைப் பிடித்திருந்த சிறுமியைக் கூப்பிட்டு, "இந்த மேசை எவ்வளவு நீளம், எனக்கு அளந்து சொல்லும்மா" என்றார். அவள் கையில் இருந்தது அதே துணி டேப். கிழிந்த முனையை மேசையின் ஓரத்தில் வைத்தாள். மறு ஓரம் வரை இழுத்தாள். தெளிவாகச் சொன்னாள்: "தொண்ணூத்தியொண்ணு."

"சபாஷ்" என்றார் அவர். மறுபடியும் கை தட்டினார்கள்.

மேசை தொண்ணூறு. எனக்கே தெரியும், டேப் டீச்சர் நூறு தடவை அளந்த மேசை அது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சும்மா இருந்தால் போதும். குழாய்ப் படி கையில் வந்தாயிற்று. என் மனசுக்குள் நான் அவளைக் கெஞ்சினேன், சும்மா இருடி என்று.

"இல்லம்மா. இன்னொரு தடவை பாரு" என்றாள் டேப் டீச்சர்.

சிறுமி பார்த்தாள். "தொண்ணூத்தியொண்ணுதான் டீச்சர்."

"டேப் எங்க ஆரம்பிக்குது, அதைப் பாரு."

சிறுமியின் முகம் மலர்ந்தது. இது அவளுக்குத் தெரிந்த இடம். கன்னத்தில் கை வைத்து, கண்ணை அகல விரித்து, நான் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "ஐயோ, டேப்போட தலை கிழிஞ்சிருக்கே!"

"சரி. அப்ப மேசை எவ்வளவு?"

சிறுமி மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அது ரிகர்சல்ல வரல டீச்சர்" என்றாள்.

டேப் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கணம் விருந்தினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிரமாதம். நாங்களும் தொண்ணூத்தியொண்ணுன்னு கை தட்டிட்டோமே. எங்களையே மாட்ட வெச்சுட்டீங்க. இதையும் சேத்துத்தான் தயார் பண்ணீங்களா?" என்றார். இருண்டு கிடந்த தாளாளரின் முகம் பளிச்சென்று ஆனது. "ஆமா சார், இந்த வருஷம் புதுசா" என்றார் கூசாமல்.

எல்லோரும் போன பிறகு அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோபமே இல்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். இது அதைவிட நல்லா இருக்கு. அடுத்த வருஷத்துலேர்ந்து ரெண்டும் போடுவோம்" என்றார். மேசைக்கும் ஒரு ஒத்திகை வேண்டுமாம், அதற்கு ஒரு வாரம் சேர்த்துத் தருகிறாராம்.

"சார், குழாய்ப் படி" என்றாள் அவள்.

"அதான் நாலு வாரம் ஆயிடுதே. படிக்கு நேரம் எங்க இருக்கு? கொத்தனாரை விட்டு ஒரு நாள்ல கட்டிக்கலாம், விடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "வசனத்தை இப்பவே எழுதிடுங்க, மறந்துடும்" என்றார்.

ஒன்றாம் வகுப்பு அறையில் உட்கார்ந்தோம். குட்டி நாற்காலிகளில் எங்கள் முழங்கால் முகத்துக்கு வந்தது. எழுத மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் சொல்லச் சொல்லவில்லை. "அப்ப மேசை எவ்வளவு?" என்று டீச்சர் கேட்பது வரை எழுதிவிட்டு நிறுத்தினேன். அடுத்து 'சிறுமி' என்று போட்டு இரண்டு புள்ளி வைத்தேன்.

"என்ன போடட்டும்?"

டேப் டீச்சர் துணி டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மதிய மணி அடித்தது. குழாயடியில் சின்னதுகள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. அவள் எழுந்து வாசல் வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"தொண்ணூறு."