டுன்னபியர் என்றொரு பெயர்

அம்மா இரண்டாம் முறை கல்யாணம் செய்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா நான் நடை பழகிய கையோடு மாரடைப்பில் போய்விட்டார். அவரை எனக்குச் சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரியும். புதிதாக வீட்டுக்கு வந்தவர் வெரிபீ லைனில் ரயில் ஓட்டுபவர். நிலைக்கதவில் தலை இடிக்கும் உயரம், பேச்சு குறைவு, எதற்கும் அவசரமில்லாத மனிதர். நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். மெல்பேர்னில் எங்கள் பிள்ளைகள் கண்ணில் படுகிற பெரியவர்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடையில் கறிவேப்பிலை விற்பவரும் அங்கிள்தான். ஆகவே அந்த அழைப்பில் விசேஷம் ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய முழுப்பெயர் பீட்டர் டுன்னபியர். முன்பாதியால் யாருக்கும் தொல்லையில்லை. எங்கள் தெருவிலேயே வேறு பீட்டர்களும் இருந்தார்கள். பின்பாதிதான் வில்லங்கம். ஜெர்மன் மொழியில் டுன்ன என்றால் நீர்த்துப்போனது, பியர் என்றால் பியரேதான். கிளேட்டனில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணா, இதைக் கேள்விப்பட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"வெள்ளையைக் கட்டுறாய், சரி. கோச்சி ஓடுறவர், அதுவும் சரி. பேரிலயே பியரை வச்சிருக்கிற மனுசனை எப்பிடியடி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

இத்தனைக்கும் அங்கிள் பியரைத் தொடுவதேயில்லை. ரயில் ஓட்டுகிறவர்களை வேலைக்குப் போனதும் ஊதச் சொல்லிப் பார்ப்பார்களாம். மாமாவோ சனிக்கிழமைகளில் குடிப்பார். ஆனால் மாமாவின் பெயரில் கடவுள் இருந்தார்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பனின் பெயர், அவ்வளவுதான் கணக்கு. நான் தாரணி சிவராசா. சிவராசா என் அப்பா. மாமாவுக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர், மாமாவின் மகன்களுக்குப் பின்னால் மாமாவின் பெயர். இது அங்கிளுக்கு முதலில் பிடிபடவேயில்லை. ஒரே குடும்பத்துக்குள் ஆளுக்கொரு பின்பெயர் எப்படி வருகிறது என்று குழம்பினார். அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினார்.

"அப்படியென்றால் ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளையோடு முடிந்துபோகிறான்" என்றார் அங்கிள்.

"அப்படியில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார்" என்றார் அம்மா.

அங்கிள் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலுள்ள ஒரு குடும்பப்பெயரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். அது எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், எத்தனை பேருக்கு இருக்கிறது என்றெல்லாம் சொல்லி, கடைசியில் தன் முழுப்பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அமர வேண்டும். வீட்டார் வந்து கேட்கலாம். சிவராசாவைப் பற்றி எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பேச எதுவும் இருக்கவில்லை. டுன்னபியரில் கதை இருந்தது.

அந்த வாரம் பார்த்து அங்கிளின் அக்காவும் அடிலெய்டிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் கல்யாணம் செய்யாதவர். அந்தப் பெயரைக் காதில் போட்ட வைரத்தோடு மாதிரிக் கவனமாகச் சுமந்து திரிந்தவர். பழைய காலத்தில் ஜெர்மனியின் ஊர்களில் ஹான்ஸ், பீட்டர் என்று ஒரே பெயர்கள் நிறைந்துபோனதால், ஊரார் ஆளுக்கொரு பட்டம் வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம். அந்தப் பட்டங்களே பரம்பரைப் பெயராக ஒட்டிக்கொண்டனவாம். "எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே பட்டம் தெளிக்கிறவை" என்றார் அம்மா. அங்கிளின் கருத்துப்படி முதல் டுன்னபியர், பியரில் தண்ணீர் கலந்து விற்ற கள்ளன். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் குடிதண்ணீர் கெட்டுக் கிடந்ததால் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் நீர்த்த பியர்தான் கொடுப்பார்களாம். ஆகவே அவர் தர்மவான். இந்த வழக்கு சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குள் நடந்துகொண்டிருந்தது.

ஜெர்மனியிலேயே அரிதான பெயர் அது. அக்காவும் அங்கிளும் சின்ன வயதில் எந்த ஊருக்குச் சுற்றுலாப் போனாலும் முதல் வேலையாகத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்களாம். ஒரு டுன்னபியரும் அகப்பட்டதில்லை. இந்த நாட்டில் மிஞ்சியிருப்பது தாங்கள் இருவரும்தான் என்று அக்கா நம்பினார்.

"என் தம்பியோடு இது முடிந்துவிடும்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். மாமாவும் அன்று வந்திருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளைக்குத் தகப்பன்ர பேர் இருக்கு" என்று அம்மாவிடம் தமிழில் சொன்னார். "அவன் போயிட்டான் எண்டதுக்காகப் பேரையும் தூக்கி எறியேலுமே?"

அம்மா அழுவதுபோல் இருந்தார். எல்லோரும் அங்கிளைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அது தாரணியின் பெயர். அதில் யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார்.

மறுநாள் நீச்சல் வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். வரவேற்பு மேசையில் இருந்த பெண் புதியவள். "நீங்கள் அப்பாவா?" என்று கேட்டாள். அங்கிள் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நான் பீட்டர்" என்றார். திரும்பி வரும்போது காரில், உங்களுடைய பெயரை நான் எடுப்பது உங்களுக்கு விருப்பமா என்று கேட்டேன். "அதைப்பற்றி உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

பேசும் நாளில் எல்லோரும் வந்தார்கள். அம்மா, மாமா, அக்கா பின்வரிசையில்; சின்னக் கதிரையில் அடங்காமல் அங்கிள் சுவரில் சாய்ந்து நின்றார். கள்ளன், தர்மவான் என்று இரண்டு கட்சியையும் நான் சொன்னேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அக்காகூடப் பெருமையாகத் தலையசைத்தார். கடைசியில் முழுப்பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது.

எனக்கு அதில் குழப்பமேயில்லை. சிவராசாவைத் தூக்கி எறியக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். அங்கிளின் பெயர் வர வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். ஆனால் டுன்னபியர் எப்படி அங்கிளின் பெயராகும்? அது யாரோ பியர் காய்ச்சிய கிழவருக்கு ஊரார் வைத்த பட்டம். அவருக்கென்று வைத்த பெயர் ஒன்றுதான். எங்கள் முறைப்படி பின்னால் வருவதும் அந்தப் பெயர்தான். கழித்தல் கணக்கு மாதிரி நேராக வந்துவிட்டது.

"என் பெயர் தாரணி சிவராசா பீட்டர்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

வகுப்பில் யாருக்கும் இது ஒரு செய்தியாகப் படவில்லை. அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவர்ப்பக்கம் பார்த்தேன். அங்கிள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில்தான் அவரைப் பிடித்தோம். கண் இரண்டும் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாமா அவர் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தார். அதற்கு முன் அவர் அங்கிளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்படியானால் பெயர் உன்னோடு முடிகிறது, பீட்டர்" என்றார் மனவருத்தத்தோடு.

"ஓம்" என்றார் அங்கிள், தமிழில். பிறகு அக்காவுக்காக ஆங்கிலத்தில், "முடியட்டும்" என்றார்.

அத்தனை நூறு வருடங்கள் நடந்து வந்த ஒரு பெயரை ஒரே வசனத்தில் முடித்துவிட்டேனே, அதுதான் இந்த மனிதர் இப்படி நின்று அழுகிறார் என்று நினைத்தேன். அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டேன். கவலைப்பட வேண்டாம், நான் பெரியவளானதும் டுன்னபியரை எப்படியாவது காப்பாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் கூடியது. காரை மாமா ஓட்ட வேண்டியதாயிற்று.

அன்று இரவு குற்ற உணர்வில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கிளோ இடியப்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பரம்பரைப் பெயரைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவருக்கு எப்படி இவ்வளவு பசிக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.