அப்பா மாட்டிய டைமரும் இரவு பதினொரு மணியும்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். இந்தக் குழுவில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இப்போது இரவு பதினொன்று பத்து. அம்மா தூங்குகிறார். சத்தம் கேட்காமல் இருக்க கீபோர்டின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் கையை விட்டு டைப் செய்கிறேன். (எழுத்துப் பிழை இருந்தால் துண்டைத் திட்டுங்கள்.)

என் கம்ப்யூட்டர் கார் ரேஸ் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். காலாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கியதும் தெரியும்.

"அடுத்த பரீட்சைக்கு அந்தக் காரையே ஓட்டிக்கிட்டுப் போ. பேனா எதுக்கு ஒனக்கு?" என்றார் அம்மா.

அப்பா திட்டவில்லை. அவர் இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சூளைக்குக் கரண்ட் விடுகிற பேனலில் இருப்பது போன்ற ஒரு டைமரை வாங்கிவந்து, போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் பிளக்கில் மாட்டிவிட்டார்.

கடிகாரம் போலச் சுற்றும் ஒரு வட்டு. மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும்தான் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் கரண்ட். மேலே கண்ணாடி மூடி. அதற்கு ஒரு பூட்டு.

"இனிமே நான் திட்டவும் வேணாம், நீ அழவும் வேணாம். அதுவே பாத்துக்கும்."

ஞாயிறு சரியாக ஆறுக்கு வந்தது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் வரவில்லை. அப்பா மூன்று மணி ஷிப்டுக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன்.

ஏழு மணிக்குத் தானாக மானிட்டர் விளக்கு எரிந்தது.

செவ்வாய் எட்டு மணிக்கு. புதன் ஒன்பதுக்கு.

அப்புறம்தான் புரிந்தது. தினமும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை கரண்ட் கட். அந்த ஒரு மணி நேரம் வட்டும் நின்று, தினமும் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. கம்பெனியில் சூளை அணையக் கூடாது என்பதால் கரண்ட் போன உடனே ஜெனரேட்டர் ஓடும். டைமர் நின்று அப்பா பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் ஜெனரேட்டருக்கு எங்கே போக? (மெழுகுவர்த்திதான்.)

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழிலிருந்து பத்து வரை அம்மா சீரியலில் இருப்பார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் கார் ஓட்டினேன். நேற்று பத்து மணிக்கு அம்மா தூங்கியே விட்டார். பதினொன்றரைக்கு அப்பா வருவதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.

இன்று காலை அப்பாவின் சூப்பர்வைசர் வந்தார்.

"என்னாப்பா, டைமரு வேலை செய்யுதா?"

"சூளை தப்புனாலும் இது தப்பாதுங்க. எம் பொண்ணு இப்ப ஆறு மணிக்குக்கூட அதத் தொடறதில்லியாம். புஸ்தகமும் கையுமா இருக்குதுன்னு அவங்க அம்மாவே சொல்லுது."

"அப்ப எங்க வூட்டுக்கும் ஒண்ணு மாட்டிக் குடு. பசங்க ரெண்டும் சோறு தண்ணி இல்லாம ஆடிக்கிட்டு இருக்கானுங்க." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கஷ்டமா இல்லியா?"

"இல்லைங்க சார்."

அப்பா அப்போது என்னைப் பார்த்த பார்வை. அவ்வளவு பெருமை. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு சூப்பர்வைசர் வீட்டில் அப்பா இதே மாதிரி டைமரை மாட்டப் போகிறார். அந்தத் தெருவிலும் கரண்ட் கட் உண்டு. ஒரே வாரத்தில் அந்தப் பையன்கள் நடு இரவில் விளையாடுவார்கள். கம்பெனியே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும்.

சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் போய்விடும். அந்தப் பார்வையும் போய்விடும். அதுதான் பயம்.

இன்று நான் விளையாடவில்லை. கரண்ட் வந்ததும் தேடிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி வைத்த டைமர் இருக்கிறதாம், கரண்ட் போனாலும் நிற்காதாம். எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் இன்றைய கணக்கு டெஸ்ட் பேப்பர். ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. ஆறு மணிக்குக் கரண்ட் வராததால் போட்ட கணக்குகள்தான். அது மட்டும் பொய்யில்லை.

"அப்பா, டைமர் மேல தப்பு இல்ல" என்று ஆரம்பிக்கலாமா? நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பீர்கள்?

வாசலில் அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம். துண்டை மடித்து வைத்துவிட்டேன். இன்று மானிட்டரை அணைக்கப் போவதில்லை.

தட்டுகிறார். போய்த் திறக்கிறேன்.