நாக்கு உருளாத மருமகள்

என்னை முதன்முதலில் ஆடு என்று கூப்பிட்டவள் என் கணவரின் அக்கா. அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

எங்கள் சனத்துக்குப் பூர்விக மொழி தெலுங்கு. கல்லாவிப் பக்கம் குடியேறிய எங்கள் குடும்பங்கள் என்றைக்கோ அதை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டன. ஓசூர்ப் பக்கம் இருந்தவர்கள் விடவில்லை. ஐம்பதுகளின் நடுவில் என்னைச் சானமாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்தார்கள். மாநிலம் பிரிக்கிற சமயம் அது. ஓசூர் மைசூரோடு போகுமா, மதராஸோடு நிற்குமா என்று ஆண்கள் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எந்த மொழி என்பதை நாத்தனார் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அவள் வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில்தான். பாதி நாள் எங்கள் அடுப்படியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

புதுப்பெண் வீட்டுக்குள் நுழையும்போது மாப்பிள்ளையின் அக்கா வாசலை மறித்து நிற்பது எங்கள் வழக்கம். ‘எனக்குப் பெண் பிறந்தால் உன் மகனுக்குத் தருகிறேன்’ என்று புதுப்பெண் வாக்குக் கொடுத்த பிறகுதான் வழி விடுவாள். கேலியும் கும்மாளமுமாகத்தான் நடக்கும். ஆனால் வாக்கு வாக்குதான். பின்னாளில் அதைச் சொல்லிப் பெண் கேட்டு வந்தால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

என் நாத்தனார் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டு, வாக்கைத் தெலுங்கில்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அவளே சொல்லியும் கொடுத்தாள். ‘என் மகளுக்கு எர்ர சீர கட்டி உன் வீட்டுக்கு அனுப்புகிறேன்’ என்று வரும். எர்ர சீர என்றால் சிவப்புச் சேலை.

அந்த ‘எர்ர’வில் நான் மாட்டிக்கொண்டேன். தமிழில் ர உண்டு, ற உண்டு. ஆனால் நாக்கு நுனி ஒரே இடத்தில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிற அந்த நீள ‘ர்ர’ என் வாய்க்குப் பழக்கமே இல்லை. ‘எற்ற சீர’ என்றேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் ‘எற்ற’தான் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்துபோகும் வரை அவள் விடவில்லை. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது பேச்சே இல்லம்மா. ஆடு கத்தறாப்பல கீது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அன்றிலிருந்து என் பெயர் ‘கொர்ரெ’. தெலுங்கில் செம்மறியாடு. என் வாயில் வராத எழுத்தாகப் பார்த்து எனக்கே பெயராக வைத்தாள், படுபாவி. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், “கொர்ரெ, இங்க வா. மர்ரி சொல்லு, குர்ரம் சொல்லு” என்பாள். ஆலமரமும் குதிரையும் என் வாயில் கால் ஒடிந்து விழும். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். நாத்தனாரின் மகன், மூக்கொழுகுகிற பொடியன், அவன்கூட என்னை ‘கொர்ரெ அத்தெ’ என்றான். நான் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அணைய விடாமல் பார்த்துக்கொண்டேன்.

காலையில் ராகி அரைப்பது என் வேலை. கல் சுற்றுகிற கடகடச் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினால்கூடக் காதில் விழாது. அங்கே உட்கார்ந்துதான் என் நாக்கோடு மல்லுக்கட்டினேன். முதலில் வண்டிக்காரர் மாட்டை அதட்டுவது போல ‘ட்ர, ட்ர’ என்று ஆரம்பித்தேன். நாக்கை இறுக்கினால் மரக்கட்டையாக நின்றுவிடும். ‘ன’ சொல்கிற இடத்தில் சும்மா தொட்டு வைத்து, மூச்சை மட்டும் தள்ள வேண்டும். இது புரிவதற்குள் நாக்கின் அடி நரம்பு வீங்கிப்போனது. எச்சில் வேறு மாவில் தெறிக்கும். அந்த மாவில் கிண்டிய களியைத்தான் வீடே சாப்பிட்டது. நாத்தனாரும் வந்து உட்கார்ந்து உருண்டை உருண்டையாக விழுங்கினாள். அதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு நாள் குழியில் ராகி தள்ளுவதற்காகக் கல்லை நிறுத்தினேன். கல் நின்றது, சத்தம் நிற்கவில்லை. என் வாயிலிருந்து ‘ர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு யாராவது கேட்டார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லிக் காட்டியிருப்பாள். அப்படிச் சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? “பரவால்லியே” என்று ஒரு வார்த்தை. பட்ட அவமானத்துக்கு அது போதாது. அதற்குப் பிறகும் கேட்டபோதெல்லாம் ‘எற்ற’ என்றே சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

எனக்குப் பெண் பிறந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் முதலில் வந்த நினைப்பு, நாத்தனார் இவளுக்கு என்ன பட்டப்பெயர் வைப்பாள் என்பதுதான். இவளும் அந்த வாய்க்குக் கீழே காலம் தள்ள வேண்டுமா? அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

தொட்டில் போடுகிற நாளில் நாத்தனார் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வளையல், ஒரு சிவப்புச் சேலை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமியார் தட்டை வாங்கக் கை நீட்டிவிட்டாள். என் கணவரும் தலையை ஆட்டிவிட்டார். “வாசப்படியில வாக்குக் குடுத்தா இல்ல, பொண்ணு எங்க வீட்டுக்குத்தான். எங்க, இன்னொருக்கா சொல்லு கொர்ரெ, எல்லாரும் கேக்கட்டும்” என்றாள் நாத்தனார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பேசியதெல்லாம் தெலுங்கில்தான். எங்கெல்லாம் ‘ர்ர’ வந்ததோ அங்கெல்லாம் வேண்டுமென்றே இழுத்து உருட்டினேன்.

“அன்னைக்கி நான் சொன்னது பேச்சே இல்ல, ஆடு கத்தறதுன்னு சொன்னது நீங்கதான், வதினா. இங்க கீறவங்க எல்லாரும் கேட்டாங்க. ஆடு குடுத்த வாக்க எந்த ஊர்ல புடிச்சிக்கினு நிக்கிறாங்க? இப்பத்தான் எனக்குப் பேச்சு வருது. கேட்டுக்கோங்க. என் பொண்ணுக்கு எர்ர சீர கட்டித்தான் அனுப்புவேன். உங்க வீட்டுக்கு இல்ல.”

பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அதே பெண்கள், அதே சிரிப்பு. இந்த முறை அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நாத்தனார் முகம் வெளுத்துப்போனது. “எப்பக் கத்துக்கின?” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“ஆச்சு, ரொம்ப நாளு.”

“அப்ப இத்தினி நாளு...”

“நீங்க சிரிக்கிறதப் பாத்துக்கினு இருந்தேன்.”

சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே கூப்பிடப் போன என் கணவர் தனியாகத்தான் திரும்பி வந்தார். நான் எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தேன். நாத்தனாருக்கு என்று மாமியார் தனியாக எடுத்து வைத்திருந்த பாயசத்தையும் நானே குடித்தேன்.